பிறப்பால் வாத்தியார்

ஏழு நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இ-2 விசா வேண்டுமானால் இவற்றில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். பட்டம் எதில் வாங்கியிருந்தாலும் சரி. கடல் உயிரியல் படித்திருக்கலாம், ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்திருக்கலாம். ஒரு வகுப்பறையில் போர்டு பக்கம் நின்ற அனுபவம் கட்டாயமில்லை. வேறொரு மொழியைத் திக்கித் திணறிக் கற்ற அனுபவம் சுத்தமாகத் தேவையில்லை. பாஸ்போர்ட்டின் அட்டை சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சீனாவிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். தாய்லாந்து கொஞ்சம் தாராளம். மற்றவர்கள் மொழித் தேர்வு எழுதி மதிப்பெண் காட்டிவிட்டு உள்ளே வரலாம். வந்த பிறகு, பக்கத்து வகுப்பில் அதே பாடம் எடுக்கும் வெள்ளைக்காரப் பையனை விடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். அங்கிருக்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

காலேஜ் முடித்த கையோடு ஆசியாவுக்குப் போய் ஓரிரு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்புவது மேற்கத்திய இளைஞர்களின் வாழ்க்கையில் ஒரு வழக்கமான அத்தியாயம். ஹனோயில் ஸ்கூட்டர், சியாங் மாயில் காபி, சோலில் மாடி அறை என்று யூடியூபில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தலைக்கு மேல் கல்விக் கடன், ஊரில் வாடகை கட்டி மாளவில்லை, ஒரு கதவு திறந்திருக்கிறது, போகிறார்கள். என் சண்டை அந்தக் கதவைச் செய்த தச்சனோடு. இன்னும் சொன்னால், அந்தக் கதவைப் பார்த்து "அது நியாயம்தானே, அவங்க மொழிதானே" என்று தலையாட்டும் நம் ஆட்களோடு.

தொழிலுக்கான தகுதி பிறப்பால் வருகிறது என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளைகூட அதற்கு என்ன பெயர் என்று சொல்லிவிடும். நூறு வருடமாக இந்த மண்ணில் நடந்த அரசியல் சண்டையே அதைப் பற்றித்தான். ஆனால் அதே விஷயம் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று கோட்டு சூட்டு போட்டு வந்து நின்றால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. ஹனோயில் ஒரு வேலை மறுக்கப்படுவதும் இங்கே சாதியின் பெயரால் நடப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அசிங்கம். தர்க்கம் ஒன்று என்றுதான் சொல்கிறேன். ஒருவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும் என்று பார்க்காமல் எங்கே யாருக்குப் பிறந்தாய் என்று கேட்கும் தர்க்கம்.

சரி, அந்தத் தர்க்கமாவது ஒழுங்காக இருக்கிறதா? தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோர்தான் வேண்டும் என்றால் ஜமைக்காவும் பார்படோஸும் அந்த ஏழில் ஏன் இல்லை? அங்கே தலைமுறை தலைமுறையாக ஆட்சிமொழி ஆங்கிலம்தான். இன்னொரு பக்கம், தென்னாப்பிரிக்கா இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஸுலுவும் கோஸாவும் ஆஃப்ரிகான்ஸும்தான் பெரும்பான்மை வீடுகளின் மொழிகள். கொரியாவுக்கும் இது தெரியும். அதனால்தான் அங்கிருந்து அரசுப் பள்ளி வேலைக்கு வருபவர்களிடம் ஏழாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள்.

கவனியுங்கள். ஆங்கில வழியில் படித்த சான்று போதும் என்று ஒரு நாட்டுக்கு ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியென்றால் எல்.கே.ஜி.யிலிருந்து இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர்வரை ஆங்கில வழியில் படித்த தாம்பரத்துப் பெண்ணிடம் அதே சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள என்ன தடை? பட்டியலில் பெயர் இல்லை என்பதைத் தவிர வேறொரு தடையும் இல்லை. சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமல் ஏழு பெயர்களை ஹார்ட்கோட் செய்து வைத்துக்கொண்டு ஒருவன் கோடு எழுதிக் கொண்டுவந்தால் எங்கள் டீமில் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். நாடுகள் அதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன.

இந்தியர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தில் இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராக வரலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். அதற்கு முறையான ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். டெக்சாஸிலிருந்து வரும் கடல் உயிரியலாளருக்கு அது தேவையில்லை. கூடுதலாகப் படித்தவருக்குக் கூடுதல் நிபந்தனை, அதுவும் 'துணை' என்ற அடைமொழியோடு. நம் ஊர் பெரியவர்கள் இதை 'ஒட்டுத் திண்ணை' என்பார்கள். வீட்டுக்குள் வராதே, திண்ணையில் உட்கார்ந்துகொள்.

பெருங்களத்தூரில் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தோழி இருக்கிறாள். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட்., அதற்கு மேல் 120 மணி நேர டெஃபல் சான்றிதழ். நான்கு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். வியட்நாமில் ஒரு மொழி மையத்துக்கு விண்ணப்பித்தாள். வீடியோ நேர்காணலில் எல்லாம் சுமுகம், "அருமையாகப் பேசுகிறீர்கள்" என்றார்கள். (இந்த வாக்கியத்தை ஆஸ்திரேலியப் பையனிடம் யாரும் சொல்வதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.) கடைசியில் வந்த மின்னஞ்சலில், பெற்றோர்கள் நேட்டிவ் ஸ்பீக்கரை எதிர்பார்க்கிறார்கள், வேண்டுமானால் பாதிச் சம்பளத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தா மட்டும் அந்தப் பெற்றோருக்கு என் மூஞ்சி பரவாயில்லையாமா?"

இந்த 'நேட்டிவ் ஸ்பீக்கர்' வேதவாக்கு எங்கிருந்து வந்தது? 1961-ல் உகாண்டாவின் மகெரெரேவில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம். ஆட்சி போகிறது, மொழி மிஞ்சுகிறது, அதை யார் கையில் வைத்துக்கொள்வது என்பதுதான் பின்னணி. ராபர்ட் ஃபிலிப்சன் 1992-ல் எழுதிய 'லிங்விஸ்டிக் இம்பீரியலிசம்' நூலில் அந்த மாநாட்டிலிருந்து உறுதிப்பட்ட ஐந்து நம்பிக்கைகளை எடுத்துப் போட்டு உடைத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு அதிகமாகக் கற்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, பிற மொழிகளை உள்ளே விட்டால் தரம் கெடும். நம் தெருமுனை இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் விதிமுறை மாதிரியே இருக்கிறதல்லவா? தமிழில் பேசினால் ஃபைன் போடும் மிஸ்ஸுக்கு மகெரெரே எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் அவர் அந்த மாநாட்டின் தீர்மானத்தைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்.

ஃபிலிப்சனோடு நிறுத்திவிடத் தேவையில்லை. நம் ஆட்களே இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போருக்கு நடுவே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999-ல் இந்த 'நேட்டிவ்' கட்டுக்கதையைக் குறிவைத்தே ஒரு கட்டுரை எழுதினார். உலகில் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் 80 சதவீதம் பேர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் என்பது அவருடைய மதிப்பீடு. அதாவது இந்தத் தொழிலின் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லாதவர்கள் என்று ஒரு கொள்கை சொல்கிறது, உலகமும் அதை நம்புகிறது!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. என்.எஸ். பிரபு என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை என்று தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாக நடத்துவதற்குப் பதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல், வகுப்புகளின் டைம்டேபிளிலிருந்து ஓர் ஆசிரியரின் டைம்டேபிளை உருவாக்கு. புத்தி அந்தக் கணக்கில் மூழ்கியிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது யோசனை. 1987-ல் 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. இன்று 'டாஸ்க் பேஸ்டு' கற்பித்தல் என்று உலகம் முழுக்க ஆசிரியப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கப்படும் முறைக்கு முன்னோடியாக எல்லோரும் குறிப்பிடுவது இந்தச் சோதனையைத்தான்.

ஆக, மான்செஸ்டரிலிருந்து ஒரு பையன் நான்கு வாரப் பயிற்சியில் டாஸ்க் பேஸ்டு முறையைக் கற்றுக்கொண்டு கொரியாவுக்குப் போகலாம். அந்த முறை பிறந்த ஊரிலிருந்து, அந்த மாதிரிப் பள்ளியில் அந்த மாதிரி மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு ஒருத்தி போனால், மன்னிக்கவும், நீங்கள் பட்டியலில் இல்லை.

இதற்கு முன்பே 1959 வாக்கில் மெட்ராஸ் மாநிலத்தில் 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் பிரம்மாண்ட முயற்சி நடந்தது. ஒருவர் பலருக்குச் சொல்லித்தர அவர்கள் இன்னும் பலருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று ஆங்கிலக் கல்வி வரலாற்றில் பெயர். பனியே விழாத ஊருக்குப் பனிப்பந்து என்று பெயர் வைத்தவர்களின் ரசனையை என்ன சொல்ல. நான் சொல்ல வருவது இதுதான்: இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தை லட்சக்கணக்கான பேருக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அனுபவம் இங்கே இருக்கிறது. வேலை அங்கே போகிறது.

இப்போது கொஞ்சம் இலக்கணம். கே-டிராமா பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காரவும்.

"நான் நேற்று கடையில் வாங்கிய சட்டை" என்கிறோம். சட்டையைப் பற்றிய வர்ணனை எல்லாம் முன்னால், சட்டை கடைசியில். கொரியனிலும் ஜப்பானியத்திலும் இதே வரிசைதான். ஆங்கிலம் இதை அப்படியே தலைகீழாகப் புரட்டுகிறது: சட்டை, எது, நான் வாங்கினேன், கடையில், நேற்று. வினைச்சொல் வாக்கியத்தின் வாலில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, எழுவாயைச் சொல்லாமலே பேச்சை ஓட்டுவது, எல்லாவற்றிலும் தமிழும் கொரியனும் ஜப்பானியமும் ஒரே பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம். (கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸப்பில் வரும் ஃபார்வர்டை நான் சொல்லவில்லை. தயவுசெய்து அதை எனக்கு அனுப்பாதீர்கள். அமைப்பு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.)

"நீ வரலையா?" என்று கேட்டால் "ஆமா, வரலை" என்போம். கொரியரும் அப்படித்தான் சொல்வார், ஜப்பானியரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'நோ' சொல்ல வேண்டும். இந்த ஒரு இடத்தில் 'யெஸ்' சொல்லிவிட்டுக் குழம்பி நிற்காத தமிழர் யாராவது உண்டா? நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்வரை கிளையண்ட் கால்களில் இந்த இடத்தில் ஒரு நொடி நின்று யோசித்துத்தான் பேசினேன். 'ஏ' எங்கே 'தி' எங்கே என்பது அடுத்த தலைவலி. நமக்கும் அப்படி ஒரு பிராணி கிடையாது, கொரியனுக்கும் கிடையாது, தாய்க்கும் கிடையாது. மெய்யில் முடியும் சொல்லுக்கு வால் ஒட்டும் பழக்கம் வேறு. நம் பாட்டி 'பஸ்ஸு' என்பாள். ஜப்பானியர் 'பஸு' என்பார், கொரியர் 'பொஸு' என்பார். மூன்று பேரும் ஒரே பேருந்துக்கு ஒரே காரணத்தால் உகரம் போடுகிறார்கள்.

இந்தத் தடுமாற்றங்களை உடம்பால் அறிந்த ஒரு ஆசிரியருக்கு, மாணவன் எங்கே தடுக்கி விழப்போகிறான் என்று அவன் விழுவதற்கு முன்பே தெரியும். ஓஹையோவில் வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 'தி' என்பது மூச்சு மாதிரி. மூச்சை எப்படி விடுவது என்று கேட்டால் என்ன சொல்வான்? "அப்படித்தான் வரும், காதுக்குச் சரியா இருக்குல்ல" என்பான். பொய் இல்லை, அவனுக்கு அப்படித்தான் வருகிறது. பொறுமையாகப் படித்து, வருடக்கணக்கில் வேலை பார்த்து நல்ல ஆசிரியர்களான அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல ஆசிரியர்களானது படித்ததால், பிறந்ததால் அல்ல. ஹங்கேரியரான பீட்டர் மெட்ஜஸ் 1994-ல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். கற்றுக்கொண்டவரால்தான் கற்றுக்கொள்வது எப்படி என்று காட்ட முடியும். எந்த நீச்சல் மாஸ்டரும் மீனாகப் பிறந்தவர் இல்லை.

உச்சரிப்பு? அது முக்கியம்தான். புரியும்படி பேசுவது முக்கியம். ஆனால் கொரிய இன்ஜினியர் நாளைக்குப் பேசப்போவது யாரோடு? வியட்நாம் தொழிற்சாலையோடு, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கும் நம் ஆட்களோடு. அவர் காதுக்கு நம் உச்சரிப்பு பழகியிருந்தால் அவருக்குத்தான் லாபம்.

அடுத்து வருவது எப்போதும் ஒரே பதில். "பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள், மார்க்கெட் அப்படி." பெருங்களத்தூரில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறீர்களா? 'சைவம் மட்டும்' என்று டு-லெட் போர்டில் எழுதியிருக்கும். அதுவும் மார்க்கெட்தான். ஓனர் கேட்பதைத்தான் புரோக்கர் எழுதுகிறார். அந்த போர்டுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும், அதை மார்க்கெட் என்று யாராவது விளக்கினால் நம்மில் பாதிப் பேருக்கு ரத்தம் கொதிக்கும். கொரியப் பெற்றோரின் விருப்பம் என்று வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு சாந்தமாகிவிடுகிறோம்? அந்தப் பெற்றோருக்கு அந்த ஆசையை ஊட்டியதே அரசின் ஏழு நாட்டுப் பட்டியல்தானே. முத்திரை குத்தி விற்ற பொருளைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களில் ஒரு கூட்டம் வேறு மாதிரி கிளம்பும். "நாங்களும் நேட்டிவ்தான். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். கனவுகூட இங்கிலீஷில்தான் வருகிறது. எங்களை ஏன் பிலிப்பைன்ஸ்காரர்களோடு சேர்க்கிறீர்கள்?" ட்விட்டரில் இந்த வாதத்தைப் பார்க்கும்போது எனக்கு விசா பட்டியலைப் பார்க்கும்போது வருவதைவிட எரிச்சல் அதிகம் வரும். இது கோவிலைத் திறக்கச் சொல்லும் வாதம் இல்லை. என்னை மட்டும் உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்து என்னும் வாதம்.

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை இதற்கு உதாரணமாக இழுப்பார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர், 'வெள்ளிநாக்கு' என்று பிரிட்டிஷ்காரர்களே கொண்டாடிய பேச்சாளர். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவுக்கு அரசுப் பயணம் போய்ப் பேசினார், 1927 முதல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தார். இ-2 பட்டியலின் ஏழு நாடுகளில் நான்கில், அந்நாட்டுக்காரர்களுக்கே ஆங்கிலத்தில் பேசிக் காட்டியவருக்கு இன்று இ-2 கிடைக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த ஆங்கிலம் யாருக்கெல்லாம் கிடைத்தது? எந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு? இங்கே ஆங்கிலம் முதலில் படிந்ததே பிறப்பின் பள்ளங்களில்தான். அந்த ஆங்கிலத்தைக் காட்டி "நாங்களும் நேட்டிவ்" என்று சொல்வது ஒரு பிறப்புரிமையை இன்னொரு பிறப்புரிமையால் மாற்றுவது. விழுப்புரம் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகச் சேர்த்து, இன்று அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருத்திக்குக் கதவு திறக்காத எந்தப் பட்டியலும் எனக்கு வேண்டாம், அதில் இந்தியாவின் பெயர் இருந்தாலும்.

கொரியாவைத் திட்டுவது சுலபம், சோல் தூரத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஒருமுறை பேருந்தில் போங்கள். 'இண்டர்நேஷனல்' பள்ளிகளின் ஃபிளெக்ஸ்களில் சிரிக்கும் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள்? நெடுங்குன்றத்துப் பிள்ளைகளா, பீர்க்கன்காரணைப் பிள்ளைகளா? பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கார் செய்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. அங்கே இரும்பைச் செதுக்கியவர்களின் பேரப் பிள்ளைகளின் நாக்கைச் செதுக்க இந்த வட்டாரத்து நிறுவனங்களில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அந்த வகுப்புகளில் ஒரு சொல் புழங்கும், எம்.டி.ஐ. தாய்மொழியின் தாக்கம் என்பதன் சுருக்கம். நோயின் பெயரைச் சொல்வது மாதிரிச் சொல்வார்கள். "உங்களுக்கு எம்.டி.ஐ. கொஞ்சம் இருக்கு." என் முதல் கம்பெனியில் ஒரு டிரெய்னர் என் ரிப்போர்ட்டில் அதை 'மிதமானது' என்று எழுதினார், டாக்டர் பிரஷரை எழுதுவது போல. ஸ்காட்லாந்துக்காரரின் ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்து இருந்தால் அது வசீகரம். என் ஆங்கிலத்தில் திண்டிவனம் இருந்தால் சிகிச்சை.

வியட்நாம் பெற்றோர் என் தோழியை நிராகரித்ததும், இங்கே ஒரு ஹெச்.ஆர். தமிழ் வாசனை அடிக்கிறது என்று ஒருவனை இரண்டாம் சுற்றில் கழித்துவிடுவதும் ஒரே காரியம். இரண்டாவதைச் செய்துகொண்டே முதலாவதை எதிர்த்துப் பெட்டிஷன் போட முடியாது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால் அது அப்படியொன்றும் சிக்கலானதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்காதே, தேர்வு வை. எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஓஹையோக்காரருக்கும் ஒரத்தநாட்டுக்காரருக்கும். மொழித் தேர்வோடு, ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியும் பார். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். இந்திய-கொரிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க 2016 முதல் சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடக்கிறது. அந்த மேசையில் 'துணை' என்ற ஒற்றைச் சொல்லை நீக்கச் சொல்லி நம் தரப்பு ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாவது போடலாம்.

தோழி வியட்நாம் போகவில்லை. இப்போது ஜப்பானிய அலுவலர்கள் சிலருக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கிறாள், நம் நேரம் காலை நான்கரைக்கு. இடையில் இருக்கும் ஏஜென்சி ஒரு யோசனை சொன்னது, புரொஃபைலில் 'ஜெனிஃபர்' என்று பெயர் வைத்தால் மணிக்கு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கலாமாம். அவள் தன் சொந்தப் பெயரையே போட்டு, அதற்குக் கீழே 'தாய்மொழி: தமிழ்' என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறாள். போன மாதம் ஒரு மாணவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எப்படி வாக்கியத்தைத் திருப்பிப் போடப் பழகினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அன்றைய ஒரு மணி நேரமும் அதைப் பற்றியே போனதாம்.